ஃபைட்டருக்குச் சின்னத் தொட்டி: முதலில் நாளைக் குறியுங்கள்

ஃபைட்டர் மீனை நான்கைந்து லிட்டர் கொள்ளும் சின்னத் தொட்டியில் வைக்கலாமா? வைக்கலாம், கெடு வைத்துக்கொண்டு. பெரிய தொட்டி இன்னும் தயாராகவில்லை, மீனுக்கு உடம்பு சரியில்லை, புதிதாக வாங்கியதை மற்ற மீன்களோடு சேர்க்கும் முன் தனியே வைத்துப் பார்க்க வேண்டும், வீடு மாறுகிறோம், தொட்டியின் மூலையில் கசிவு, முட்டையிட்ட பெண் மீனை ஆணிடமிருந்து பிரித்தாக வேண்டும். மீன் வளர்க்கும் எந்த வீட்டிலும் இவற்றில் ஒன்றாவது வரத்தான் செய்யும். அப்போது சின்னத் தொட்டியை எடுப்பதில் தவறே இல்லை. தவறு நடப்பது இரண்டாவது வாரத்தில். மீன் சாப்பிடுகிறது, துடுப்பை விரித்துக் காட்டுகிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. இதிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். இரண்டு வாரத்துக்கென்று வைத்தது அப்படியே இரண்டு வருடமாகிவிடும். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான். சின்னத் தொட்டி விஷயத்தில் எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன் எத்தனை நாள் என்று கேட்க வேண்டும்; மீனை உள்ளே விடுகிற அன்றைக்கே அதை வெளியே எடுக்கும் தேதியையும் முடிவு செய்துவிட வேண்டும். ஏன் என்பதற்கான கணக்கை முதலில் பார்ப்போம். எப்படி என்பது பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடும்.

ஃபைட்டரின் பூர்வீகம் தாய்லாந்தின் நடுப்பகுதி. சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியின் நெல் வயல்கள், சதுப்புகள், புல் மண்டிய கால்வாய்கள் அதன் இருப்பிடம். 1910-இல் சார்லஸ் டேட் ரீகன் என்ற ஆங்கிலேய மீனியல் அறிஞர் இதற்கு பெட்டா ஸ்பிளெண்டென்ஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். 2019-இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஆழமில்லாத, வெதுவெதுப்பான, அசைவற்ற தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரைந்திருக்கும். அதற்கு ஈடாக, ஃபைட்டரின் தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. லாபிரிந்த் என்பார்கள். மீன் மேலே வந்து வாயால் ஒரு மிடறு காற்றை எடுத்துக்கொண்டு கீழே போகும். அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனை இந்த உறுப்பு ரத்தத்தில் சேர்த்துவிடும். நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி அந்த மீன் பனையில் ஏறக் கண்டதாக எழுதியது 1797-இல் லண்டன் லின்னியன் சங்க வெளியீட்டில் வந்தது. மரம் ஏறியதா என்பது இருக்கட்டும். ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் அது தாக்குப்பிடிக்கும் என்பது நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். ஃபைட்டர் அந்த வம்சம். அதனால்தான் காற்றுக் குழாய் எதுவும் இல்லாத சின்னப் பாத்திரத்திலும் அதற்கு மூச்சு முட்டுவதில்லை.

இந்த ஒரே காரணத்தை வைத்துத்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. மூச்சு விடுவது ஒரு வேலை, கழிவை வெளியேற்றுவது வேறு வேலை. ஆக்சிஜனுக்கு ஃபைட்டர் காற்றை நம்பலாம். கழிவுக்குத் தண்ணீரைத்தான் நம்பியாக வேண்டும். மீன் சாப்பிட்ட புரதத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. எவ்வளவு கலக்கிறது என்று தோராயமாகக் கணக்கிடலாம். வளர்ந்த ஃபைட்டர் சுமார் இரண்டரை கிராம் எடை. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு தினசரித் தீனி என்று வைத்தால் 50 மில்லிகிராம். தீனியில் 40 சதவீதம் புரதம் என்றால் 20 மில்லிகிராம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது 3.2 மில்லிகிராம். அதில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 2 மில்லிகிராம், தண்ணீருக்கு வரும். இந்த 2 மில்லிகிராம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மாறுவது தண்ணீரின் அளவு. 20 லிட்டர் தொட்டியில் ஒரு நாளுக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் சேரும். 5 லிட்டரில் 0.4. ஒரு லிட்டர் ஜாடியில் 2. மூன்றிலும் மீன் ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருக்கிறது.

இதோடு தண்ணீரின் குணமும் சேர்ந்துகொள்கிறது. கரைந்த அமோனியாவில் ஒரு பகுதி அம்மோனியம் என்ற அயனியாக இருக்கும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. மீதி தனி அமோனியாவாக இருக்கும். செவுளை அரிப்பது அதுதான். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிப்பவை பி.எச். அளவும் வெப்பமும். 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் தனி அமோனியா நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் ஆறரை சதவீதம். ஒரே ஒரு எண் ஏறியதற்குக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. நம் வீடுகளில் வரும் போர்த் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீரின் பி.எச். 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது சாதாரணம். மோட்டார் போட்ட கையோடு பிடித்துச் சோதித்தால் குறைவாகக் காட்டலாம், ஏனென்றால் நிலத்தடி நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். ஓர் இரவு திறந்து வைத்தால் அது வெளியேறி, உண்மையான பி.எச். தெரியும். மேலே சொன்ன ஒரு லிட்டர் ஜாடியில் இப்படிப்பட்ட தண்ணீர் இருந்தால், ஒரே நாளில் தனி அமோனியா லிட்டருக்கு 0.13 மில்லிகிராமைத் தொடும். 0.02-க்குள் வைத்திருப்பதே பாதுகாப்பு என்பது மீன் வளர்ப்பில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஆறு மடங்குக்கு மேல், அதுவும் முதல் நாளிலேயே.

பெரிய தொட்டியிலும் இதே அமோனியா வரத்தானே செய்கிறது என்று கேட்கலாம். வருகிறது, அங்கே அதைத் தின்ன ஆள் இருக்கிறது. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வளரும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை, அதைவிடப் பல மடங்கு தீங்கு குறைந்த நைட்ரேட் ஆக்கும். இந்தக் குடித்தனம் முழுமையாக அமைய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஃபில்டர் இல்லாமல், தினம் தண்ணீர் மாற்றி, வாரத்துக்கொரு முறை கழுவப்படும் சின்னத் தொட்டியில் அது அமையவே அமையாது. அதாவது, தற்காலிகத் தொட்டியில் பாக்டீரியா செய்ய வேண்டிய வேலையை வளர்ப்பவரின் கை செய்கிறது. கை ஒரு நாள் செய்யும், பத்து நாள் செய்யும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது, அலுவலகத்திலிருந்து இரவு பத்து மணிக்குத் திரும்பும்போது அந்தக் கை ஓயும். கெடு வைக்கச் சொல்வதன் முதல் காரணம் இதுதான். மனிதரின் கவனம் எத்தனை நாள் தளராமல் இருக்குமோ அத்தனை நாள்தான் அந்தத் தொட்டியின் ஆயுள்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது வயல் வாதம். நெல் வயலில், மாட்டுக் குளம்படியில் தேங்கிய தண்ணீரில்கூட வாழும் மீனுக்கு ஐந்து லிட்டர் ஏன் போதாது என்பார்கள். வயலின் தண்ணீர் ஆழமில்லாதது, உண்மை. ஆனால் அது ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கிறது. அடியில் சேறு, அதில் கோடிக்கணக்கான பாக்டீரியா, மேலே நெல்லும் பாசியும், மழையோ மடைத் தண்ணீரோ வந்து போகும் வழி. ஒரு மீனின் கழிவு அங்கே ஒன்றுமில்லை. கோடையில் வயல் வற்றிக் குழிகளில் மீன் ஒதுங்குவதும் உண்மைதான். அது அந்த மீனின் மிக மோசமான காலம், மழைக்காகத் தாக்குப்பிடிக்கும் காலம். அந்த நிலைமையை வருடம் முழுக்க நாம் உண்டாக்கிவிட்டு இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமாகாது. தவிர, கடையில் வாங்கும் ஃபைட்டர் அந்த வயல் மீன் அல்ல. குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாக இந்த மீன் மனிதர் கையில் வளர்ந்து வருகிறது என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகிறது. அரைவட்டமாக விரியும் வால், தரையைத் தொடும் துடுப்பு எல்லாம் மனிதர் தேர்ந்தெடுத்து உண்டாக்கியவை. வயல் மீனின் துடுப்பு குட்டை, நீச்சல் வேகமானது. நீளத் துடுப்புக்காரருக்கு ஒவ்வொரு முறையும் காற்றுக்காக மேலே ஏறுவதே உழைப்பு.

அடுத்தது கடை வாதம். சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் ஃபைட்டர்கள் சின்னக் குப்பிகளிலும் டம்ளர்களிலும் வரிசையாக இருக்கின்றன. தாய்லாந்துப் பண்ணைகளிலோ தட்டையான மது பாட்டில்களில் நூற்றுக்கணக்கில் வளர்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா? தெரிந்துதான் செய்கிறார்கள். ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் கிழிக்கத் தொடங்கும் வயதில் தனித்தனியாகப் பிரித்தே ஆக வேண்டும். ஆயிரம் மீனுக்கு ஆயிரம் தொட்டி வைக்க இடம் இல்லை. எனவே பாட்டில். ஆனால் அங்கே தண்ணீர் மாற்றுவதுதான் ஆட்களின் முழுநேர வேலை, தீனி அளவோடுதான் போகும், மீனும் விற்கும்வரைதான் அதில் இருக்கும். பண்ணைப் பாட்டிலும் கெடு வைத்த பாத்திரம்தான். பண்ணையிலிருந்து பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு கெடுவை விட்டுவிடுகிறோம்.

'எங்கள் வீட்டில் ஜாடியிலேயே இரண்டு வருடம் இருந்தது' என்பது இன்னொன்று. ஃபைட்டரின் ஆயுள் நல்ல பராமரிப்பில் மூன்று ஆண்டுகள் வரை, சிலவற்றுக்கு அதற்கு மேலும் போகும். இரண்டு வருடம் இருந்த மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மாதத்தில் போன மீனை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதனால் கேட்பவர் காதில் எப்போதும் பிழைத்த கதைதான் விழும். நுரைக்கூடு கட்டியிருக்கிறதே, சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்பாரும் உண்டு. முதிர்ந்த ஆண் ஃபைட்டர் தண்ணீர் மேல் எச்சில் குமிழிகளால் கூடு கட்டுவது இனப்பெருக்க உந்துதலால். கடை டம்ளரிலும் கட்டும். அது வயதுக்கு வந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. தண்ணீரின் சேதியைச் செவுளில்தான் பார்க்க வேண்டும். செவுள் மூடி வேகமாக அடித்துக்கொள்வது, ஓரம் சிவப்பது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் ஒரு மூலையில் கிடப்பது, தீனி போட்டால் திரும்பாமல் இருப்பது ஆகியவைதான் சொல்லும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் முக்கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பாதி நோய் அதிலேயே தெளியும்.

சரி, கெடுவை எப்படிக் குறிப்பது? இரண்டு லிட்டருக்குக் குறைவானது எதுவும் தொட்டியே அல்ல; மீனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் பாத்திரம். அதில் ஒரு நாள், தவிர்க்கவே முடியாவிட்டால் இரண்டு நாள், தீனி இல்லாமல். நான்கைந்து லிட்டர் என்றால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம், தினமும் தண்ணீர் மாற்றும் பட்சத்தில். பத்து லிட்டர் கிடைத்தால் நிலைமை நன்றாகத் தளரும். பெரிய தொட்டியில் பாக்டீரியா அமையும்வரை, அந்த ஆறு வாரமும், தினம் பாதித் தண்ணீரை மாற்றி ஓட்டிவிடலாம். ஃபில்டரோடு 20 லிட்டர் வைத்தால் அது நிரந்தர வீடு, இந்த அத்தியாயத்தின் எல்லைக்கு வெளியே. கடைக்காரர் சொல்லும் கொள்ளளவை அப்படியே நம்ப வேண்டாம். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். விளிம்புக்குக் கீழே நான்கைந்து சென்டிமீட்டர் காலி விட வேண்டும் என்பதால், பத்து லிட்டர் என்று விற்பதில் ஏழு லிட்டர்தான் நிற்கும்.

பாத்திரம் உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது மேல். பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் போதும். நோயுற்ற மீனுக்குப் பத்து. மேலே வருவதற்கு மெனக்கெட வேண்டியிருக்காது. கண்ணாடியோ, சாப்பாட்டுப் பொருள் வைக்கும் தரமுள்ள பிளாஸ்டிக் டப்பாவோ எதுவும் சரி. துணி துவைத்த பக்கெட், பெயின்ட் டப்பா வேண்டாம். புதுப் பாத்திரத்தைக்கூட சோப்பு போட்டுக் கழுவக் கூடாது. கல் உப்பைப் போட்டுத் தேய்த்து நன்றாக அலசினால் போதும். மூடி அவசியம். ஃபைட்டர் எகிறிக் குதிக்கும், அதுவும் தண்ணீர் கெட்டால் கட்டாயம் குதிக்கும். மூடி இருந்தால் தண்ணீருக்கு மேலுள்ள காற்றும் வெதுவெதுப்பாக ஈரமாக நிற்கும். மீன் விழுங்குவது அந்தக் காற்றைத்தானே. காற்று போய்வர ஒரு விரல் இடைவெளி விடுங்கள். மூன்று பக்கமும் வெளியிலிருந்து காகிதம் ஒட்டுங்கள். சின்னத் தொட்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில் தன் உருவம் தெரிய, எதிரி நிற்பதாக எண்ணி நாள் முழுக்கச் செவுளை விரித்துக்கொண்டே இருக்கும். அந்தக் களைப்பு பார்ப்பவருக்கு அழகாகத் தெரிவது பரிதாபம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு பழக்கம் போதும்: மீன் தொட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பக்கெட்டில் நாளைக்கான தண்ணீர் இன்றே நிற்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது செவுளுக்கு நேரடி விஷம். அகலத் திறந்த பக்கெட்டில் ஒரு நாள் நின்றால் பெரும்பாலும் போய்விடும். என்றாலும் ஆன்டி குளோரின் என்று கடையில் தரும் சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சொன்ன அளவில் சேர்ப்பது நல்லது. வெள்ளம், தொற்று போன்ற காலங்களில் குளோரின் கூடுதலாகக் கலப்பார்கள், அப்போது கட்டாயம். போர்த் தண்ணீரில் குளோரின் இல்லை. ஓர் இரவு நின்று காற்றாட வேண்டும், அவ்வளவுதான். ஆர்.ஓ. தண்ணீரையும் கேன் தண்ணீரையும் மட்டுமே ஊற்றி வளர்ப்பது சரியல்ல. அதில் தாது உப்பு மிகக் குறைவு, பி.எச். நிலையாக நிற்காது. கடினமான போர்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டின் குறையும் தீரும். பக்கத்திலேயே நின்ற தண்ணீர் என்பதால் வெப்பமும் ஒன்றாக இருக்கும். தினம் தண்ணீர் மாற்றினால் மீன் மிரளாதா என்ற கவலைக்கு இதுதான் பதில். மீன் மிரள்வது வெப்பமும் குணமும் திடீரென்று மாறுவதால். ஒரே மூலத்தின் தண்ணீர், ஒரே வெப்பம், மீனைக் கையால் பிடிக்காமல் பழைய தண்ணீரை ஏர் டியூப் வைத்து உறிஞ்சி எடுத்து, புதுத் தண்ணீரைச் சுவரோரமாக மெல்ல ஊற்றினால் மிரட்சி இல்லை.

எவ்வளவு மாற்றுவது என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். தினம் பாதி மாற்றினால் அழுக்கு பாதியாகக் குறைந்துகொண்டே போகும் என்ற எண்ணம் உண்டு. போகாது. ஒவ்வொரு நாளும் பாதி மிச்சம் இருக்க, புதிதாகச் சேர்வதும் சேர்ந்து, கடைசியில் ஒரு நாளில் சேர்வதைப் போல இரண்டு மடங்கில் வந்து நிற்கும். முக்கால் மாற்றினால் ஒன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஐந்து லிட்டர் தொட்டி, பி.எச். 8, 28 டிகிரி என்றால் பாதி மாற்றத்தில் தனி அமோனியா 0.05-ஐத் தொடும், முக்கால் மாற்றத்தில் 0.035 அளவில் நிற்கும். இரண்டுமே 0.02-க்கு மேல்தான். அதைக் கீழே கொண்டுவர நம்மிடம் இருக்கும் இன்னொரு சாவி தீனி. பாதியாகக் குறைத்தால் அமோனியாவும் ஏறத்தாழ பாதியாகும். முதல் நாள் தீனியே வேண்டாம். பிறகு தினம் ஒரு வேளை, இரண்டு அல்லது மூன்று சின்ன உருண்டை, ஒன்றொன்றாகப் போட்டு விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. ஃபைட்டரின் வயிறு சின்னது; இரண்டு வாரம் இப்படி இருந்தால் இளைத்துவிடாது. மிஞ்சியதை இங்க் ஃபில்லரால் உடனே உறிஞ்சி எடுங்கள். ஊறிக் கரையும் ஒரு உருண்டை, மீன் தின்ற உருண்டையைவிட வேகமாகத் தண்ணீரைக் கெடுக்கும்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரே சீராக இருப்பது அதைவிட முக்கியம். தண்ணீர் குறையக் குறைய அது அறையின் போக்குக்கு உடனே ஆடும். ஜன்னலோரத்தில் வைத்த நான்கு லிட்டர் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் தாங்க முடியாத சூடாகிவிடும், ஏ.சி. ஓடும் அறையில் இரவில் குளிர்ந்து, பகலில் ஏறும். சமவெளி ஊர்களில் ஏ.சி. இல்லாத, வெயில் விழாத உள்ளறை மூலையே போதும், ஹீட்டர் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஹீட்டர் இல்லாமல் முடியாது; அங்கே பத்து லிட்டருக்குக் குறைந்த தொட்டியே வைக்காதீர்கள். நான்கு லிட்டரில் போட்ட ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் நீங்கள் கவனிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மீனைக் கடையிலிருந்து கொண்டுவந்ததும் கவரோடு தொட்டியில் பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிடுவது சரிதான். உள்ளூர்க் கடையில் வாங்கியதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கவரில் கலந்துவிட்டு வலையால் மாற்றலாம். வெளியூரிலிருந்து ஒரு நாள், இரண்டு நாள் பயணம் செய்து பார்சலில் வந்ததற்கு அந்த நிதானம் ஆபத்து. மூடிய கவருக்குள் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்த அமோனியா பெரும்பாலும் தீங்கில்லாத அம்மோனியமாக அடங்கியிருக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேற, பி.எச். ஏற, அடங்கியிருந்தது விஷமாக மாறத் தொடங்கும். எனவே மூடிய கவராகவே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, திறந்ததும் தாமதிக்காமல் மாற்றுங்கள். எந்தக் கவரின் தண்ணீரும் தொட்டிக்குள் போகக் கூடாது.

தொட்டிக்குள் என்ன போடலாம்? கல்லும் மணலும் வேண்டாம், அழுக்கு ஒளிந்துகொள்ளும். மீன் படுக்க மேல்மட்டத்தில் ஓர் இலை, ஒதுங்க ஒரு சின்ன மண் கலயம். கொஞ்சம் வேலம்பாசியோ, வேரைத் தண்ணீரில் விட்ட மணி பிளான்ட் கொடியோ இருந்தால் அமோனியாவில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் மாற்றுவதற்கு அது ஈடாகாது. வேரைத் தின்று மீன் பிழைத்துக்கொள்ளும் என்று செடி ஜாடியில் விற்பதை நம்பாதீர்கள். ஃபைட்டர் பூச்சியும் புழுவும் தின்னும் மீன். தெருவில் உதிரும் நாட்டுப் பாதாம் இலையைத் தாய்லாந்துப் பண்ணைக்காரர்கள் காலங்காலமாகப் போடுகிறார்கள். காய்ந்து தானாக உதிர்ந்த இலை, புகையும் பூச்சிமருந்தும் படாத மரத்திலிருந்து, நன்றாகக் கழுவி உள்ளங்கையளவு துண்டு. தண்ணீர் வெளிர் தேநீர் நிறமாகும், பி.எச். சற்று இறங்கும், கிருமி கொஞ்சம் அடங்கும். இதுவரை பேசிய கணக்குப்படி, பி.எச். இறங்குவது எவ்வளவு உதவி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடினமான போர்த் தண்ணீரில் அது அதிகம் இறங்காது, அதை மறக்க வேண்டாம்.

தற்காலிகத் தொட்டி உண்மையில் பெரிய தொட்டியை வெல்லும் இடம் ஒன்று உண்டு: வைத்தியம். மெத்திலின் புளூ போன்ற மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் மாதக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியாவும் சேர்ந்து சாகும், செடி கருகும், சிலிக்கான் நீலமாகும். சின்னத் தொட்டியில் இழக்க எதுவும் இல்லை. அளவும் துல்லியமாக இருக்கும். வாலழுகல் தொடக்கத்திலோ சின்னக் காயத்துக்கோ முதல் வைத்தியம் சுத்தமான தண்ணீர், அடுத்தது கல் உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம், தனியே கரைத்து ஊற்ற வேண்டும், பத்து நாளுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டுமே உப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தினம் ஏறிக்கொண்டே போகும். மருந்து போடாத தொட்டியானால் இன்னொரு வசதி உண்டு. வீட்டிலோ நண்பரிடமோ நோயில்லாமல் ஓடும் தொட்டி இருந்தால் அதன் ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கொண்டுவந்து மெல்லிய காற்றில் ஓடவிடுங்கள். பாக்டீரியா ஆயத்தமாகவே வந்துவிடும். மேலே சொன்ன பாரம் பெருமளவு குறையும். அதைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள்.

இத்தனை கவனம் எடுப்பதைவிடப் பெரிய தொட்டியை முதலிலேயே தயார் செய்துவிடுவது எளிதல்லவா? ஆம், எளிது; மலிவும்கூட. தினமும் முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றும் உழைப்போடு பார்த்தால், ஃபில்டர் ஓடும் 20 லிட்டரில் வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு மாற்றுவது ஒன்றுமே இல்லை. எனவே மீனை வாங்கும் முன்பே தொட்டியை வாங்கி ஓடவிடுங்கள். முன்பே வாங்கியாகிவிட்டது என்றால் இன்றே ஓடவிடுங்கள். வெளியே எடுக்கும் தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதித் தொட்டியின் முன்பக்கம், தினமும் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். மீன் மாறியதும் சின்னத் தொட்டியை உப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுத்த அவசரத்துக்கென்று பரணில் வையுங்கள். காலியாக இருக்கிறதே என்று அதற்காக இன்னொரு ஃபைட்டர் வாங்கிவிடாதீர்கள்.